சுருங்குறித்தொடரும் பதிப்பு நெறியும்: தமிழ் மின்பனுவல் தூய்மையாக்கம் குறித்த ஒரு மதிப்பீடு

தமிழ் நூல்கள் மின்பனுவலாக வடிவம் பெறத் தொடங்கிக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. சொல்லடைவு உருவாக்கம், சொல்வருகை எண்ணிக்கை, நடையியல் ஒப்பீடு, இயந்திர மொழிபெயர்ப்பு ஆகிய அனைத்தும் இன்று மின்பனுவலையே தரவாகக் கொள்கின்றன. இவ்வாய்வுகளின் முறையியல் பகுதியில் பெரும்பாலும் ஒற்றை வரியில் கடந்து செல்லப்படும் செய்தி ஒன்றுண்டு. ‘தரவு தூய்மை செய்யப்பட்டது’ என்பதே அது. எவை நீக்கப்பட்டன, எந்த விதியால் நீக்கப்பட்டன, நீங்கியவற்றுள் தமிழ் எழுத்து உண்டா என்னும் வினாக்களுக்கு அவ்வரியில் விடையில்லை. தூய்மையாக்கம் பதிப்புச் செயலின் ஒரு கூறே என்பதும், பதிப்பாசிரியருக்கு உரிய பொறுப்பு தூய்மை செய்வோருக்கும் உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

தூய்மையாக்கத்திற்குப் பயன்படும் முதன்மைக் கருவி சுருங்குறித்தொடர். கணிப்பொறித் துறையினர் இதனை ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்றே வழங்குவர். அமெரிக்கக் கணிதவியலார் ஸ்டீபன் கிளீனி 1950களில் வகுத்த கோட்பாட்டை, 1968ஆம் ஆண்டில் கென் தாம்சன் பனுவலில் தேடுவதற்குரிய செய்முறையாக மாற்றினார். ஒரு சொல்லைத் தேடுவதற்கு மாறாக, ஒரு சொல்வகையைத் தேட இது வழிசெய்கிறது. சதுர அடைப்பினுள் எழுத்துகளை இட்டால் அவற்றுள் ஏதேனும் ஒன்று என்று பொருள். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே சிறுகோடு இட்டால் முன்னது முதல் பின்னது வரை என்று பொருள். அடைப்பின் தொடக்கத்தில் ^ என்னும் குறி வந்தால் இவை அல்லாத எல்லாம் என்று பொருள். சுருங்கச் சொல்லலை நூலின் அழகுகளுள் ஒன்றாகக் கொண்ட இலக்கண மரபினருக்கு இம்முறை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. ஆனால் நூற்பாவுக்கு உரை உண்டு. இவ்விதிகளுக்கோ பெரும்பாலும் உரை எழுதப்படுவதில்லை.

நெடுங்கணக்கும் குறியெண் வரிசையும்

தமிழ் எழுத்து அல்லாதவற்றை நீக்க விரும்பும் தமிழாய்வாளர் ஒருவர் இயல்பாக எழுதக்கூடிய விதி [^அ-ன] என்பதாகும். தொல்காப்பியம் எழுத்துகளை அகரத்தில் தொடங்கி னகரத்தில் நிறுத்துகிறது. பள்ளியில் பயின்ற நெடுங்கணக்கும் அதுவே. ஒருங்குறியின் வரிசை இதுவன்று. ஒருங்குறித் தமிழ்ப் பகுதி 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்களைக் கொண்டது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி தரப்பாட்டினை அடியொற்றி அமைந்தமையால், அதில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்திற்கு முன் 2985ஆம் இடத்தில் நிற்கிறது. எனவே அகரம் முதல் னகரம் வரை என்னும் எல்லைக்குள் க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ன என்னும் ஒன்பது மெய்களே அடங்கும். ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ என்னும் ஒன்பதும் வெளியே நிற்கும். பதினெண் மெய்களில் சரிபாதி நீங்க, வடவெழுத்தாகிய ஜகரம் உள்ளே இடம்பெற்றுவிடும். இவ்விதியின்படி ‘தமிழ்’ என்னும் சொல்லில் எஞ்சுவது ‘த’ மட்டுமே. ‘தொல்காப்பியம்’ என்பதில் எஞ்சுவது ‘தக’.

இத்தகைய பிழை உடனே கண்ணில் படும். திருத்துவோர் எல்லையை ஹகரம் வரை நீட்டி [^அ-ஹ] என்று எழுதுவர். உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் கிரந்த எழுத்துகளும் இப்போது அடங்கிவிடும். எனினும் ஆய்தம் அகரத்திற்கு முன்னதாக 2947ஆம் இடத்தில் உள்ளது. உயிர்மெய்க்குரிய துணைக்குறிகளும் புள்ளியும் ஹகரத்திற்குப் பின்னால், 3006 முதல் 3021 வரை உள்ளன. இரண்டும் எல்லைக்கு வெளியே. முன்னைய விதி பார்த்த அளவில் சிதைவு எனத் தெரியும். பிந்தைய விதியின் விளைவோ தமிழ் போலவே தோன்றுவதால், பெருந்தரவுகளில் கவனிக்கப்படாமல் போக இடமுண்டு.

ஓர் ஊர்ப்பெயரின் வழி

ஐதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகர் என்னும் பெயரை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1967இல் நிறுவப்பட்ட இ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கிய ஐயகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கிய குடியிருப்புப் பகுதி அது. டி.டி.சி.-12 முதலிய உள்நாட்டுக் கணிப்பொறிகளை இந்நிறுவனமே உருவாக்கியது. கணிப்பொறி வரலாற்றோடு தொடர்புடைய இப்பெயரே கணிப்பொறி விதிகளுக்கு நல்ல சோதனையாகவும் அமைகிறது என்பது ஒரு தற்செயல் பொருத்தம். முன்னெழுத்துகள், அவற்றின் பின் புள்ளிகள், கிரந்த எழுத்து, நெடில், இடைவெளி, ஒற்றிறுதி ஆகிய யாவும் இச்சிறு தொடரில் ஒருங்கே உள்ளன.

தமிழ்க் கணக்கில் இப்பெயருக்கு ஏ, எ, ஸ், ரா, வ், ந, க, ர் என எட்டு எழுத்துகள். ஒருங்குறிக் கணக்கில் நிறுத்தப்புள்ளிகளும் இடைவெளியும் உட்படப் பதினைந்து குறியெண்கள். மெய்ப்புள்ளி மூன்றும் கால் ஒன்றும் தனிக் குறியெண்களாக எண்ணப்படுவதே இவ்வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம். ஒருங்குறி இந்நான்கையும் ‘எழுத்து’ என்னும் வகையில் சேர்க்காமல் ‘குறி’ என்னும் வகையில் வைத்துள்ளது. இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. பைத்தான் மொழியின் இயல்பான சுருங்குறித்தொடர் தொகுதியில் ‘சொல்லுக்குரிய எழுத்து’ என்னும் வகைக்குறி, எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். குறிகளை ஏற்பதில்லை. ஆங்கிலப் பனுவலுக்கென எழுதப்பட்ட ‘சொல்லெழுத்தும் இடைவெளியும் அல்லாதவற்றை நீக்கு’ என்னும் விதியைத் தமிழின் மீது செலுத்தினால், ஏ.எஸ்.ராவ் நகர் ‘ஏஎஸரவ நகர’ ஆகிவிடும். பேர்ல் மொழியின் வகைக்குறி குறிகளையும் சேர்த்துக்கொள்வதால் அங்கு இச்சிதைவு நேர்வதில்லை. ஜாவாஸ்கிரிப்டின் வகைக்குறி உரோமன் எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே அறியும் என்பதால் அங்கு தமிழ் முழுவதும் அழிந்து இடைவெளி மட்டுமே எஞ்சும். ஒரே விதி மூன்று மொழிகளில் மூன்று பனுவல்களைத் தருகிறது. எம்மொழியில் எவ்விதியால் தூய்மை செய்யப்பட்டது எனக் குறிப்பிடாத ஆய்வினைப் பிறர் மீளச் செய்து சரிபார்க்க இயலாமைக்கு இதுவே போதிய சான்று.

குறிகள் நீங்கியபின் கிடைப்பது பொருளற்ற எழுத்துக்கூட்டமாயின் பிழை புலப்பட்டுவிடும். தமிழில் அது பல இடங்களில் பொருளுள்ள வேறொரு சொல்லாகிவிடுகிறது. பல், பால், பலா, புல், புலி, பாலை ஆகிய ஆறும் ‘பல’ என்றே நிற்கும். இவ்விதியைச் சங்கப் பனுவலின் மீது செலுத்தித் திணைவழிச் சொல்வருகையை எண்ணுவோருக்குப் ‘பல’ மிகுதியாக வருவது வியப்பளிக்கலாம். அவ்வெண்ணிக்கையுள் பாலைத்திணையும் புலியும் மறைந்திருப்பதை அட்டவணை காட்டாது.

ஏட்டுச்சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் பெரிதும் இல்லை. எகர ஒகரங்களுக்குக் குறில் நெடில் வேறுபாடும் புலப்படாது. காலும் ரகரமும் ஒத்த வடிவின. சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் பொருளும் யாப்பும் உரையும் கொண்டு அவ்வெழுத்துகளை அறுதியிட்டனர். சிந்தாமணி 1887லும் புறநானூறு 1894லும் வெளிவந்தமைக்குப் பின்னால் உள்ள உழைப்பின் பெரும்பகுதி இவ்வகைத் தெரிவுகளே. ஒரு வரி விதி அப்புள்ளிகளை மீண்டும் பறிக்கிறது. சுவடியாவது துணைக்குறிகளை விட்டுவைத்தது.

ஆய்தமும் அளபெடையும்

குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்னும் மூன்றைத் தொல்காப்பியம் சார்ந்து வரும் எழுத்துகளாகக் கொள்கிறது. இவற்றுள் தனிவடிவம் உடையது ஆய்தமே. ஒருங்குறியில் அது பிற இந்திய மொழிகளின் விசர்க்கத்திற்குரிய இடத்தில், விசர்க்கம் என்னும் பெயரோடு வைக்கப்பட்டுள்ளது. ஆய்தம் நீங்கினால் எஃகு ‘எகு’ ஆகும். பஃறுளி ‘பறுளி’ ஆகும். இவை பிழையெனத் தெரியும். அஃது ‘அது’ ஆவதும் இஃது ‘இது’ ஆவதும் தெரியா. உயிர்முதல் சொல்லுக்கு முன் அஃது, மெய்முதல் சொல்லுக்கு முன் அது என்னும் வழக்கு எந்நூலில் பேணப்படுகிறது, எந்நூலில் நெகிழ்கிறது என்று ஆராய முற்படுவோருக்குத் தரவு முன்னதாகவே அழிக்கப்பட்டிருக்கும்.

அளபெடையின் நிலை இதனினும் நுட்பமானது. சொல்லின் இடையில் உயிரெழுத்து தனித்து வராது என்பது இக்கால உரைநடைக்குப் பெரிதும் பொருந்தும் விதி. எழுத்துணரியின் பிழைகளைக் களைவதற்கு இவ்விதி மிகவும் பயன்படுகிறது. செய்யுளில் அளபெடை முழுவதும் இதற்கு மாறாகவே அமையும். திருக்குறளின் 653ஆம் குறள் ‘ஓஒதல்’ என்னும் சீரோடு தொடங்குகிறது. இடையுயிரை நீக்கும் விதியால் அது ‘ஓதல்’ ஆகும். ஒழிதலைக் குறித்த சொல் எண்ணிக்கைப் பட்டியலில் கற்றலைக் குறிக்கும் ஓதலோடு சேர்ந்துவிடும். யாப்பும் கெடும். ஓஒதல் கூவிளம், அதனை அடுத்துவரும் ‘வேண்டும்’ நேரசையில் தொடங்குகிறது. விளம்முன் நேர் வந்து இயற்சீர் வெண்டளை அமைகிறது. ஓதல் எனின் தேமா. மாமுன் நேர் வந்து ஆசிரியத்தளையாகிவிடும். யாப்பறி நிரல் ஒன்று இக்குறளைத் தளை தட்டிய வெண்பா என அறிவிக்குமாயின் குற்றம் நிரலினுடையதன்று.

கிரந்த எழுத்துகளை நீக்கும் விதியும் இங்கு எண்ணத்தக்கது. தனித்தமிழ்ச் சொற்பட்டியல் உருவாக்குவோர் சிலருக்கு ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றைக் களைவது எளிய வழியாகத் தோன்றும். எழுத்தை மட்டும் களைந்தால் ‘எஸ்’ என்பதில் எகரமும் அதன்மேல் ஒட்டிய புள்ளியும் எஞ்சும். தமிழில் இல்லாத வடிவம் அது. வடசொல்லைப் பற்றித் தொல்காப்பிய எச்சவியல் கூறுவது வடவெழுத்தை விலக்கித் தமிழ் எழுத்தோடு புணர்த்தல். அஃது எழுத்து மாற்று; எழுத்துக் களைவு அன்று. அந்நூற்பாவில் வரும் ‘ஒரீஇ’ என்னும் சொல்லே அளபெடை பெற்றது. இடையுயிர் விதி அச்சொல்லையும் விட்டுவைக்காது.

ஔகாரத் திருத்தம்

நீக்கத்தைப் போன்றே மாற்றமும் தூய்மையாக்கத்தின் பகுதியாகும். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ஔகாரக் குறிக்கும் ளகரத்திற்கும் ஒரே வடிவமே பயன்பட்டது. அப்பழக்கம் ஒருங்குறிக் காலத்திலும் தொடர்வதால் ‘ஔவை’ என்பது ஒகரமும் ளகரமும் கூடிய ‘ஒளவை’ எனவும், ‘வௌவால்’ என்பது ‘வெளவால்’ எனவும் உள்ளிடப்படுகின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவை தேடலில் வேறுவேறு சொற்கள். ஒகரமும் ளகரமும் அடுத்து வந்தால் ஔகாரம் ஆக்குக என்று விதித்தால் ஔவை திருந்துவார். ஆனால் ‘ஒளி’ சிதையும். முன்னர்க் குறித்த 653ஆம் குறளில் ஒளி என்னும் சொல்லும் உண்டு என்பதால் அக்குறள் இரண்டாம் முறையும் அடிபடும். கொம்போடு வரும் ளகரத்திற்கும் இவ்வாறே விதித்தால் வெள்ளம், தெளிவு, கெளுத்தி ஆகிய யாவும் உருக்குலையும்.

இதற்குத் தீர்வு உண்டு. ளகரத்தை அடுத்துத் துணைக்குறியோ புள்ளியோ வாராதபோது மட்டும் மாற்றுக எனச் சுருங்குறித்தொடரில் கட்டுப்பாடு விதிக்கலாம். அடுத்து வருவதை விழுங்காமல் எட்டிப் பார்க்கும் இவ்வசதி, வருமொழி நோக்கி நிலைமொழி திரியும் புணர்ச்சி விதியை ஒத்தது. இலக்கணம் பயின்றோர் இதனை எளிதில் கையாள இயலும். வெள்ளமும் தெளிவும் ஒளியும் இக்கட்டுப்பாட்டால் காக்கப்படுகின்றன.

எழுத்துவழக்குப் பனுவலுக்கு இது பெரிதும் போதும். கி. ராஜநாராயணன் முதலியோர் வளர்த்தெடுத்த வட்டார எழுத்துக்கு இது போதாது. பேச்சில் விளக்கு ‘வெளக்கு’ ஆகிறது. கிளம்பு ‘கெளம்பு’ ஆகிறது. உளறினான் ‘ஒளறினான்’ ஆகிறது. இச்சொற்களில் ளகரம் அகரமேறியே நிற்பதால் கட்டுப்பாட்டுக்குள் அகப்படாமல் வௌக்கு, கௌம்பு, ஔறினான் என மாறிவிடும். இலக்கணப் பனுவலைக் காக்கும் விதி வட்டார வழக்கைத் திருத்திவிடுகிறது. இகர உகரங்கள் எகர ஒகரங்களாகத் திரியும் ஒலிமாற்றத்தை ஆராய்வோருக்கு வேண்டிய சான்றுகளே இவை. அனைத்துப் பனுவலுக்கும் ஒரே விதித்தொகுதி என்னும் அணுகுமுறை தமிழுக்குப் பொருந்தாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. இவ்விடத்தில் விதியைவிடச் சொற்பட்டியலே ஏற்றது: ஔவை, வௌவால், கௌரவம், பௌர்ணமி என அறியப்பட்ட சொற்களை மட்டும் திருத்தி, மற்றவற்றைத் தொடாது விடுதல்.

கண்ணுக்குப் புலப்படாதவையும் எண்களும்

இணைப்புத் தடுக்கும் 8204, இணைக்கும் 8205, கோப்பின் தலையில் ஒட்டிவரும் 65279 ஆகிய உருவற்ற குறியெண்களை நீக்குவது தமிழுக்குப் பெரிதும் நன்மையே. இவை நீங்கினால் ககர ஷகரக் கூட்டெழுத்தின் தோற்றம் போன்ற ஓரிரு இடங்களில் மட்டுமே வேறுபாடு தோன்றும். ஆனால் தமிழுக்கு எழுதிய அவ்விதியைத் தெலுங்குக்கும் சிங்களத்திற்கும் அப்படியே செலுத்தலாகாது. தெலுங்கில் அயற்சொற்களின் ஒற்று கூட்டெழுத்தாகாமல் தனித்து நிற்க 8204 உதவுகிறது. சிங்களத்தில் ஸ்ரீ என எழுதவே 8205 வேண்டும். ஐதராபாத் ஆய்வு நிறுவனங்களில் தமிழ்–தெலுங்கு இணைப்பனுவல்களைக் கையாளுவோருக்கு இவ்வேறுபாடு அன்றாடத் தேவை.

எண்ணை நீக்கும் விதி, செய்யுட் பதிப்பில் ஐந்தடிக்கு ஒருமுறை இடப்படும் அடியெண்ணைக் களையப் பயன்படும். கல்வெட்டுப் பனுவலிலோ நில அளவையும் காசும் நெல்லும் எண்ணிலேயே உள்ளன. தமிழ்ப் பின்னக் குறிகள் உட்பட 51 வரியுருக்கள் 2019இல் ஒருங்குறியில் சேர்ந்தன. அவை அமைந்த இடம் 73664க்கு மேல். தமிழ் என்பது 2944 முதல் 3071 வரை என எல்லையிட்டு எழுதிய பழைய விதிகள் அனைத்தும் இவற்றை ‘தமிழ் அல்லாதவை’ என்று நீக்கிவிடும். ^ குறியிட்ட விதிகளின் அடிப்படைக் குறை இதுவே. விதி எழுதியவர் அறிந்தவை மட்டும் எஞ்ச, அறியாதவை யாவும் நீங்குகின்றன. வேண்டாதவற்றைப் பெயர்சொல்லி நீக்கும் விதி அத்துணைத் தூய்மையைத் தராது. ஆனால் அறியாததை அழிக்காது.

பதிப்புக் கூறுகள்

அடைப்புக்குறிகளையும் சிறுகோடுகளையும் நிறுத்தக்குறிகள் எனக் கருதிப் பொதுவாக நீக்குகின்றனர். நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லைப் பிரித்துக் காட்டுவது அச்சிறுகோடே. பாடவேறுபாடுகளை ‘(பி-ம்.)’ என்னும் குறிப்போடு அடிக்குறிப்பில் தருவது உ.வே.சா. பதிப்புகளின் வழக்கம். குறிகளை மட்டும் நீக்கினால் ‘பிம்’ என்னும் இல்லாச் சொல் சொற்பட்டியலில் ஏறும். வேறு பாடங்கள் மூலத்தோடு கலந்து இரட்டிப்பாக எண்ணப்படும். அடைப்பையும் உள்ளடக்கத்தையும் சேர்த்து நீக்கினால் பாடவேறுபாடே இல்லாத நூலாக அது தோன்றும். இவற்றுள் எதனைத் தெரிவது என்பது பதிப்பாசிரியர் முடிவு. நிரலின் இயல்புநிலைக்கு அதனை விட்டுவிடுதல் தகாது.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இத்துறையில் முன்னோடி. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர் உள்ளீடு செய்தும் மெய்ப்பு நோக்கியும் உருவாக்கிய தொகுப்பு அது. தொடக்ககாலக் கோப்புகள் திஸ்கி முதலிய எட்டு நுண்மிக் குறியீட்டு முறைகளில் அமைந்தவை. அவற்றில் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும். ஒருங்குறியில் அது மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். கொம்பும் மெய்யும் வரும் இடந்தோறும் முன்பின் மாற்றுக என்னும் ஒற்றை விதி இத்தகைய மாற்றத்தின் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. சுருங்குறித்தொடரின் ஆற்றலுக்கு இது சிறந்த சான்று. கருவியைப் பழிப்பதற்கு இடமில்லை.

அத்திட்டத்தின் ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியும் உள்ளீடு செய்தோர், மெய்ப்பு நோக்கியோர் பெயர்களைத் தருகிறது. அத்தலைப்பகுதி சிதையாமல் இருக்குமாயின் கோப்பினை எவரும் தடையின்றிப் பரப்பலாம் என்னும் ஒரே நிபந்தனையும் அங்கு உள்ளது. தலைப்பகுதி பெரும்பாலும் உரோமன் எழுத்தில் அமைவதால், தமிழ் அல்லாதவற்றை நீக்கும் விதி முதலில் அழிப்பது அதனையே. எப்பதிப்பு, எவர் உழைப்பு என்னும் செய்திகள் போனபின் எஞ்சும் பனுவலுக்கு மரபுவழி கூற இயலாது, நிபந்தனையும் மீறப்படுகிறது. இதனைத் தவிர்ப்பது கடினமன்று. விதிகளைச் செலுத்துமுன் தலைப்பகுதியைப் பிரித்துக் கோப்பின் எண்ணோடு தனிக்கோப்பாக வைத்தல், மூலக்கோப்பைத் தொடாது படியில் மட்டும் பணிசெய்தல், நீக்குமுன் நீங்கவிருக்கும் வரியுரு ஒவ்வொன்றையும் எண்ணிக்கையோடு பட்டியலிடுதல், அப்பட்டியலையும் விதிகளையும் செலுத்திய வரிசையிலேயே ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தருதல் ஆகியவை போதும். ஒரு நூறாயிரம் சொற்கள் கொண்ட தரவுக்கும் அப்பட்டியல் ஓரிரு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். அதில் ஆய்தமும் மெய்ப்புள்ளியும் ஆயிரக்கணக்கில் காணப்படுமாயின், விதியை எங்கே திருத்த வேண்டும் என்பது சொல்வருகை அட்டவணை உருவாவதற்கு முன்பே தெரிந்துவிடும்.